அறுபதுக்கு மேல் ஐரோப்பாவில் ரயிலேறும் இருவருக்கு

ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் களைத்துப்போவதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, கால் மரத்தால் எழுந்து நடந்து, வேண்டும்போது கழிவறைக்குப் போய்வந்து, ஆறு மணி நேரம்கூட நிம்மதியாகக் கழிந்துவிடும். அறுபது, எழுபது வயதில் ஐரோப்பாவில் தாங்களாகவே ரயிலில் சுற்றுகிற கணவன் மனைவியைச் சோர்வடையச் செய்வது வேறு. ஒரு ரயிலிலிருந்து இறங்கி அடுத்ததைப் பிடிக்க ஓடும் எட்டு நிமிடம். லிஃப்ட் எந்தப் பக்கம் என்று தேடும் நேரம். நிலையத்திலிருந்து விடுதி வரை கல் பாவிய தெருவில் சக்கரம் தடதடக்க சூட்கேஸை இழுக்கும் நேரம். ஆகவே திட்டம் போடும்போது எத்தனை ஊர் பார்க்கிறோம் என்று எண்ண வேண்டாம். சாமானோடு எத்தனை முறை ஏறி இறங்குகிறோம் என்று எண்ணுங்கள். பதினைந்து நாள் பயணத்தில் அந்த எண்ணிக்கை ஆறு, ஏழைத் தாண்டினால் திட்டத்தைத் திரும்பப் பார்ப்பது நல்லது.

இதைக் குறைக்க நல்ல வழி, ஒரு ஊரில் நான்கைந்து இரவு தங்கி, அங்கிருந்து வெறுங்கையோடு போய் வருவது. இத்தாலியில் அதற்கு பொலோன்யாவை மிஞ்சிய ஊர் கிடையாது. அங்கிருந்து அதிவேக ரயிலில் ஃபிளாரன்ஸ் முக்கால் மணி நேரத்துக்குள், வெனிஸ் ஒன்றரை மணி, மிலான் ஒரு மணி சொச்சம். மோதெனா, ஃபெர்ராரா, ரவென்னா எல்லாம் சாதாரண ரயிலிலேயே போய்வரும் தூரம். பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க், ஆஸ்திரியாவில் சால்ஸ்பூர்க், சுவிட்சர்லாந்தில் பெர்ன் அல்லது லூசெர்ன் இதே மாதிரி உதவும். வெனிஸில் தங்கிப் பார்க்க ஆசைதான் வரும். ஆனால் சாந்தா லூச்சியா நிலைய வாசலில் இறங்கியதும் படிக்கட்டுப் பாலங்கள் தொடங்கிவிடுகின்றன. இருபது கிலோ சூட்கேஸோடு மூன்று பாலம் ஏறி இறங்கிய பிறகு அன்றைய மாலை போனதுதான்.

விடுதி நிலையத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் இருக்கட்டும். நிலையத்தை ஒட்டிய தெருக்கள் அத்தனை அழகாக இருக்காது, இரவில் சத்தமும் இருக்கலாம். ஆனாலும் தினமும் ரயிலேறுகிறவர்களுக்கு அந்த ஐந்நூறு மீட்டர் பெரிய வரம். அறை பிடிக்கும்போது லிஃப்ட் இருக்கிறதா என்பதோடு, அது தெரு மட்டத்திலிருந்தே தொடங்குகிறதா என்றும் கேளுங்கள். பழைய கட்டடங்களில் ஏழெட்டுப் படி ஏறிய பிறகுதான் லிஃப்ட் வாசலே வரும். அங்கே முதல் மாடி என்றால் தரைத்தளத்துக்கு மேலே உள்ளது என்பதும் நினைவிருக்கட்டும்.

பாஸா, தனித்தனி டிக்கெட்டா

ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரெயில், உள்ளே வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில். இரண்டும் ஒரே மாதிரியான பாஸ்தான். 33 நாடுகளில் செல்லும். 60 வயது நிறைந்தவர்களுக்குப் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. ஒரு மாதத்துக்குள் விருப்பமான 4, 5 அல்லது 7 நாள், இரண்டு மாதத்துக்குள் 10 அல்லது 15 நாள் என்று எடுக்கலாம். தொடர்ச்சியாகச் செல்லும் பாஸும் உண்டு. தம்பதிகளுக்கு விட்டுவிட்டுப் பயணம் செய்யும் வகையே பொருந்தும், ஏனென்றால் நடுவில் ஓய்வு நாள் கட்டாயம் வேண்டும்.

பாஸ் வாங்கிவிட்டால் எந்த ரயிலிலும் ஏறிவிடலாம் என்று நினைப்பதுதான் பணத்தையும் நேரத்தையும் வீணாக்குகிறது. பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃபிரெச்சியாரோஸா, ஸ்பெயினின் ஏவிஇ ஆகிய அதிவேக ரயில்கள், லண்டனைப் பாரிஸோடும் பிரஸ்ஸல்ஸோடும் ஆம்ஸ்டர்டாமோடும் இணைக்கும் யூரோஸ்டார், அநேகமாக எல்லா இரவு ரயில்களும் பாஸுக்கு மேல் தனியாகப் பணம் கட்டி இருக்கை பதிவு செய்யச் சொல்லும். அதிலும் யூரோஸ்டாரிலும் டிஜிவியிலும் பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கிய இருக்கைகள் குறைவு. அவை தீர்ந்துவிட்டால் ரயில் காலியாக ஓடினாலும் உங்களுக்கு இடமில்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளின் உள்நாட்டு ரயில்களில் பெரும்பாலும் இந்தக் கட்டாயம் கிடையாது. எனவே பயணம் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில்தான் அதிகம் என்றால் பாஸ் லாபம். இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் மட்டும் என்றால் முன்கூட்டியே வாங்கும் தனி டிக்கெட்டுகள் பெரும்பாலும் மலிவாகவே வரும். ஒரே பயணத்தில் நீண்ட தூர ரயில்கள் நான்குக்குக் குறைவாக இருந்தாலும் பாஸை மறந்துவிடலாம்.

பாஸ் இப்போது போனில்தான் வருகிறது. ரெயில் பிளானர் என்ற ஆப்பில் பாஸைச் சேர்த்து, பயண நாளில் ஏறப்போகும் ரயிலைத் தேர்ந்தெடுத்து அதைப் பாஸோடு இணைக்க வேண்டும். ஏறுவதற்கு முன்பே இணைக்க வேண்டும் என்பது முக்கியம். பரிசோதகர் வந்த பிறகு தேடிக்கொண்டிருந்தால், பாஸ் வைத்திருந்தும் டிக்கெட் இல்லாதவராகவே உங்களை எண்ணுவார். பயண நாள் என்பது நள்ளிரவு 12 முதல் அடுத்த நள்ளிரவு 12 வரை. இரவு ரயிலுக்கு, புறப்படும் நாளைக் கணக்கிட்டால் போதும். நள்ளிரவுக்குப் பிறகு வேறு ரயில் மாறாமல் இருக்க வேண்டும்.

சுவிட்சர்லாந்து தனிக் கணக்கு. அங்கே சுவிஸ் டிராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாட்களுக்குக் கிடைக்கும். ரயிலோடு பஸ், ஏரிப் படகு, நகரத்து டிராம் எல்லாம் அதில் அடக்கம். முதியோருக்கென்று அதில் தள்ளுபடி எதுவும் கிடையாது. தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். மூன்று நாளில் ஒரு நாள் ஏரிக்கரையில் சும்மா உட்காரப் போகிறீர்கள் என்றால், அநேகமாக எல்லாவற்றையும் பாதி விலைக்குத் தரும் ஹாஃப் ஃபேர் கார்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மலை ரயில்கள் அதிகம் ஏறுகிறவர்களுக்கு அதுதான் பல சமயம் கட்டுப்படியாகும்.

வயதுக்கான சலுகைகளை நாடு நாடாகக் கேட்டுப் பெற வேண்டும். பிரான்ஸில் 60 வயதுக்கு மேற்பட்டோருக்கான அவாந்தாஜ் சீனியர் அட்டை 49 யூரோ. ஒரு வருடம் செல்லும். 30 சதவீதம் குறையும். இருவருக்கும் தனித்தனி அட்டை வேண்டும். எனவே இரண்டு நீண்ட பயணமாவது இருந்தால்தான் போட்ட காசு திரும்பும். ஸ்பெயினில் தார்ஹெத்தா தொராதா என்ற தங்க அட்டை. பிரிட்டனில் இரண்டு வழி. 60 ஆனவர்களுக்கு சீனியர் ரெயில்கார்டு. அதைவிடத் தம்பதிகளுக்குத் தோதானது டூ டுகெதர் ரெயில்கார்டு. இருவர் பெயரும் ஒரே அட்டையில், வயது வரம்பு 16தான், கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். கணவருக்கு 63, மனைவிக்கு 57 என்றால் இதுதான் சரி. ஆனால் இருவரும் சேர்ந்தே பயணம் செய்ய வேண்டும். வார நாட்களில் காலை 9.30க்கு முன் செல்லாது. வெளிநாட்டவரும் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கலாம்.

டிக்கெட் வாங்குவதில் உள்ள பொறிகள்

மலிவு டிக்கெட் என்றாலே அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும் என்று அர்த்தம். ஜெர்மனியின் ஷ்பார்பிரைஸ் என்ற மலிவு டிக்கெட் அப்படித்தான். ஆனால் சேர வேண்டிய இடத்துக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேருவீர்கள் என்று தெரிந்துவிட்டால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். அடுத்து வரும் வேறு நீண்டதூர ரயிலில் ஏறலாம். இதைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் பதற மாட்டார்கள்.

ஐரோப்பா முழுவதற்கும் புதிய கால அட்டவணை ஒவ்வொரு டிசம்பரிலும் இரண்டாவது சனிக்கிழமைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை அமலுக்கு வரும். அந்தத் தேதியைத் தாண்டிய பயணத்துக்கு ஆகஸ்டில் தேடினால் பல நாடுகளில் ரயிலே இல்லாதது போலத் தெரியும். ரயில் இல்லாமல் போகவில்லை, விற்பனைதான் தொடங்கவில்லை.

மாறும் ரயில்கள் எல்லாம் ஒரே டிக்கெட்டில் இருக்கும்படி வாங்குங்கள். முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது கைநழுவினால், ஒரே டிக்கெட்டாக இருந்தால் உங்களைக் கொண்டு சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக வாங்கியிருந்தால் பல இடங்களில் உங்கள் பாடு. வேறு வழியில்லாமல் தனித்தனியாக வாங்க நேர்ந்தால் இடையில் குறைந்தது ஒன்றரை மணி நேரம் விடுங்கள்.

அட்டவணை காட்டும் மாறும் நேரத்தை நம்பி வாங்க வேண்டாம். கணினி ஏழு நிமிடத்தைப் போதும் என்று சொல்லும். அது நடையில் தொய்வில்லாத, வழி தெரிந்த ஒருவருக்கான கணக்கு. ஜெர்மன் ரயில்வேயின் டிபி நாவிகேட்டர் ஆப்பில் மாறுவதற்குக் குறைந்தபட்ச நேரம் இவ்வளவு வேண்டும் என்று அமைத்துத் தேட முடியும். அதில் 30 நிமிடம் என்று வையுங்கள். பெரிய நிலையம் என்றால் 40. ஐரோப்பாவின் பெரும்பாலான ரயில்களின் நேரத்தை அந்த ஆப் காட்டும் என்பதால், டிக்கெட்டை வேறெங்கே வாங்கினாலும் தேடுவதற்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

பணம் கட்டும்போது வங்கி அனுப்பும் ஒரு முறைக் கடவுச்சொல் உங்கள் பழைய சிம்முக்குத்தான் வரும். அங்கே போய் உள்ளூர் சிம் போட்டுக்கொண்டு, பழைய சிம்மைக் கழற்றி வைத்துவிட்டால் ஒரு டிக்கெட்கூட வாங்க முடியாது. இரண்டு சிம் போடும் போன் ஒன்றாவது இருவரிடத்தில் இருக்கட்டும். டிக்கெட்டுகள் இருவர் போனிலும் இருக்க வேண்டும். தாளிலும் ஒரு படி வேண்டும். ஒரே போனில் இரண்டு டிக்கெட்டையும் வைத்து, அந்த போனில் சார்ஜ் தீர்ந்து போவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

ஊர்ப் பெயரில் ஏமாறாமல் இருங்கள். இத்தாலிய நிலையத்தில் மோனாகோ என்று பலகை காட்டினால் அது பெரும்பாலும் ஜெர்மனியின் மியூனிக். இத்தாலியர்கள் மியூனிக்கை அப்படித்தான் சொல்வார்கள். ஜெனீவா ஜெர்மனில் கென்ஃப். மிலான் மைலாண்ட். பிரஸ்ஸல்ஸின் பெரிய நிலையம் பிரெஞ்சில் மிதி, டச்சில் ஸவுட், இரண்டும் ஒன்றே. ஃபிராங்க்ஃபர்ட் ஜெர்மனியில் இரண்டு. மைன் நதிக்கரையில் உள்ளதுதான் விமான நிலையம் உள்ள பெரிய நகரம். ஓடர் நதிக்கரையில் உள்ளது போலந்து எல்லையில். வெனிஸுக்கு டிக்கெட் எடுக்கும்போது மேஸ்த்ரே என்றிருந்தால் அது கடலுக்கு இந்தப் பக்கம். பிரான்ஸில் ஊர்ப் பெயரோடு டிஜிவி என்று ஒட்டியிருந்தால் நிலையம் ஊருக்கு வெளியே என்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவின்யோன் டிஜிவியில் இறங்கினால் ஊருக்குள் போக இன்னொரு சிறு ரயில் பிடிக்க வேண்டும்.

பாரிஸ் வழியாக மாறுவதை முடிந்தவரை தவிருங்கள். அங்கே எல்லா ரயிலும் சேரும் ஒரே நிலையம் கிடையாது. பிரெஞ்சில் கார் என்றால் ரயில் நிலையம். லண்டனிலிருந்து வருவது கார் து நோர். தெற்கே போவதும் சுவிட்சர்லாந்துக்குப் போவதும் கார் து லியோன். ஸ்ட்ராஸ்பூர்க், ஜெர்மனிப் பக்கம் கார் து லெஸ்த். மேற்கே போர்தோ பக்கம் மோன்பர்னாஸ். கார் து நோரிலிருந்து கார் து லியோனுக்கு ஆர்இஆர் டி என்ற நகர ரயிலில் இரண்டே நிறுத்தம்தான். ஆனால் சாமானோடு, கூட்டத்தோடு, தானியங்கி வாயில்களைக் கடந்து போக ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். டாக்ஸி என்றாலும் போக்குவரத்து நெரிசலுக்கு அதே ஒரு மணி நேரம். லீல் நகரில் மாறிப் பாரிஸைச் சுற்றிக்கொண்டு போகும் டிஜிவி இருந்தால் அதை எடுங்கள்.

மேலும் கீழுமாக உள்ள நிலையங்கள் இன்னொரு சோதனை. பெர்லின் மத்திய நிலையத்தில் நடைமேடை 1 முதல் 8 வரை பூமிக்கடியில், 11 முதல் 16 வரை தலைக்கு மேலே. சூரிக்கில் 31–34, 41–44 என்று எண் இருந்தால் கீழ்த்தளம். முன்பு சொன்ன பொலோன்யாவில் அதிவேக ரயில்கள் 16 முதல் 19 வரையிலான நடைமேடைகளில், தரைக்கு இருபது மீட்டருக்கும் கீழே நிற்கும். எஸ்கலேட்டர் மேல் எஸ்கலேட்டராக இறங்கவே பத்து நிமிடம் ஆகும். விடுதி பக்கத்தில்தானே என்று கடைசி நிமிடத்தில் கிளம்பினால் ரயில் போய்விடும்.

அந்த இரண்டு நிமிடம்

இனிதான் முக்கியமான விஷயம். இடை நிலையங்களில் ரயில் இரண்டு மூன்று நிமிடமே நிற்கும். தம்பதிகளுக்கு விபத்து நேர்வதும், ஆளுக்கொரு திசையில் பிரிந்துபோவதும் இந்த இரண்டு நிமிடத்தில்தான்.

ரயில் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் நடைமேடையில் இருக்க வேண்டும். அங்கே தலைக்கு மேலே ஏ, பி, சி, டி என்று எழுத்துப் பலகைகள் தொங்கும். மின்பலகையில் எந்தப் பெட்டி எந்த எழுத்தின் கீழ் வந்து நிற்கும் என்று படமாகக் காட்டுவார்கள். உங்கள் முன்பதிவில் 24ஆம் பெட்டி என்றிருந்து, அது ஈ என்ற எழுத்துக்கு நேரே வரும் என்றால், முன்பே நடந்துபோய் அங்கே நிற்க வேண்டும். ரயில் 400 மீட்டர் நீளம் இருக்கலாம். வந்து நின்ற பிறகு ஓடி எட்ட முடியாது. அப்படி ஏதாவது ஒரு கதவில் ஏறி உள்ளே நடந்துபோகலாம் என்றால், எல்லா ரயிலிலும் அது நடக்காது. இரண்டு ரயில்களைச் சேர்த்துக் கோத்து ஓட்டும்போது ஒன்றிலிருந்து மற்றதற்கு உள்வழி கிடையாது. பெர்லினிலிருந்து கொலோன் போகும் ஐசிஇ என்ற ஜெர்மன் அதிவேக ரயில்கள் பல, ஹாம் நிலையத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி வூப்பர்டால் வழியாகவும் மறுபாதி டூஸல்டார்ஃப் பக்கமாகவும் போகும். தவறான பாதியில் உட்கார்ந்து தூங்கினால் கண்விழிக்கும் ஊர் வேறாக இருக்கும். கதவுக்குப் பக்கத்திலும் பெட்டிக்குள்ளும் உள்ள சிறு திரையில் சேரும் இடத்தைப் படித்துவிட்டு உட்காருங்கள்.

ஐசிஇ ஓடும் பாதைகளில் பெட்டி வரிசை தலைகீழாக வருவதும் உண்டு. முதல் பெட்டி வரும் என்று நின்ற இடத்தில் கடைசிப் பெட்டி வந்து நிற்கும். ஒலிபெருக்கியில் ஜெர்மனில் சொல்வார்கள். கூட்டம் திடீரென்று ஒரு பக்கமாக நடக்கத் தொடங்கினால் அதுதான் காரணம். ஆப்பைப் பார்த்துவிட்டு அவர்களோடு நடங்கள். நேரம் போதாவிட்டால் எந்தக் கதவானாலும் ஏறிவிடுங்கள். சூட்கேஸ் கதவோரம் நிற்கட்டும், கூட்டம் ஓய்ந்ததும் நகரலாம்.

கதவு திறந்ததும் காதில் விழும் வாசகம் ஒன்று உண்டு. "நீ முதல்ல ஏறு, நான் சாமானை எடுத்துக் குடுக்கறேன்." அன்பால் சொல்வதுதான். ஆனால் இப்படித்தான் ஒருவர் ரயிலிலும் இன்னொருவர் நடைமேடையிலும் தங்கிவிடுகிறார்கள். மனைவி உள்ளே ஏறி ஒரு சூட்கேஸை வாங்கித் திரும்பி வைப்பதற்குள், பின்னால் நிற்பவர்கள் நெருக்கி ஏறுவார்கள், விசில் ஊதும், கதவு மூடிக்கொள்ளும். விசில் ஊதிய பிறகு வெளியே உள்ள பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் கதவு திறக்காது. அவரவர் சூட்கேஸை அவரவர் தூக்கிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக ஏறுவது ஒன்றே பாதுகாப்பு. அதற்கு சூட்கேஸ் ஆளுக்கு ஒன்று, பத்துப் பன்னிரண்டு கிலோவுக்குள், 55 சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நிரப்பிய சூட்கேஸை ஒரு கையில் பிடித்து, மறு கையால் கைப்பிடியைப் பற்றி, மூன்று படி ஏறுங்கள். மூச்சு வாங்கினால் துணிகளில் பாதியை எடுத்துவிடுங்கள். ஐந்து நாள் துணி போதும், நடுவில் துவைத்துக்கொள்ளலாம்.

அப்படியும் பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்று கிளம்புவதற்கு முன்பே ஒரு விதி செய்துகொள்ளுங்கள். ரயிலில் இருப்பவர் அடுத்த நிலையத்தில் இறங்கி, இறங்கிய நடைமேடையிலேயே உட்கார வேண்டும். கீழே நிற்பவர் அந்த நிலையத்துக்குப் போகும் அடுத்த ரயிலில் வர வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் தேடிக் கிளம்பக் கூடாது. இந்த விதி பலிக்க வேண்டுமானால் இருவரிடமும் தனித்தனி போன், தனித்தனி டிக்கெட், பாஸ்போர்ட், கொஞ்சம் யூரோ, அவரவர் மருந்து, விடுதி முகவரி எழுதிய தாள் எல்லாம் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒருவர் கைப்பையில் வைத்துக்கொள்ளும் வழக்கம் வீட்டில் சரி, நடைமேடையில் ஆபத்து.

இறங்கும்போதும் இதே கவனம் வேண்டும். சேரும் நேரத்துக்கு எட்டு நிமிடம் முன்னால் எழுந்து கதவருகே போய்விடுங்கள். ரயிலுக்குள் கழிவறை இலவசம். ஜெர்மனி, இத்தாலி போன்ற நாடுகளின் பெரிய நிலையங்களில் பெரும்பாலும் காசு கேட்பார்கள். அதனால் இறங்குவதற்கு அரை மணி முன்பு போய்வருவது நல்லது.

கதவு மூடும் நேரமும் நாட்டுக்கு நாடு மாறும். பிரான்ஸில் டிஜிவிக்குப் புறப்படும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வழி அடைபட்டுவிடும். நடைமேடை எண்ணையே சுமார் இருபது நிமிடம் முன்புதான் அறிவிப்பார்கள் என்பதால், பலகை தெரியும் இடத்தில் உட்கார வேண்டும். ஸ்பெயினில் ஏவிஇக்கு முன்னால் சாமானை எக்ஸ்ரேயில் விட வேண்டும். அரை மணி முன்பே போய்விடுங்கள். லண்டன் போகும், லண்டனிலிருந்து வரும் யூரோஸ்டாருக்குப் பாஸ்போர்ட் சோதனையும் உண்டு, எனவே ஒன்றேகால் மணி நேரம். சுவிட்சர்லாந்தில் சோதனை எதுவும் கிடையாது. ஆனால் ரயில் நிமிடம் தவறாது. அங்குள்ள நிலையக் கடிகாரத்தில் சிவப்பு வினாடி முள் சுமார் 58 வினாடியில் சுற்றி முடித்து, பன்னிரண்டில் ஒரு கணம் நின்று, நிமிட முள் நகர்ந்ததும் மறுபடி கிளம்பும். சுவிஸ் ரயில்வே பொறியாளர் ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் 1944இல் வடிவமைத்த கடிகாரம்; சிவப்பு முள் பிறகு சேர்ந்தது. நின்று பார்க்க வேண்டிய அழகு அது. ஆனால் ரயிலுக்குள் உட்கார்ந்தபடி பாருங்கள்.

இத்தாலியில் சாதாரண ரயிலுக்கு எடுக்கும் தாள் டிக்கெட்டை ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் நுழைத்து முத்திரை பதிக்க வேண்டும். மறந்தால் அபராதம். ரயிலும் இருக்கை எண்ணும் அச்சிட்ட அதிவேக ரயில் டிக்கெட்டுக்கு இது வேண்டாம். ஷோப்பெரோ என்ற சொல்லையும் தெரிந்துகொள்ளுங்கள். வேலைநிறுத்தம் என்று அர்த்தம். அங்கே அது முன்கூட்டியே அறிவித்துத்தான் நடக்கும். வார நாளானால் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் வட்டார ரயில்கள் ஓட வேண்டும் என்பது சட்டம். அந்த நேரத்துக்குப் பயணத்தை நகர்த்திக்கொள்ளலாம்.

முழங்காலும் மூச்சும்

ரயில் படிகள் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. நடைமேடையின் உயரம் சுவிட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் பெரும்பாலும் 55 சென்டிமீட்டர். ஜெர்மனியில் நீண்டதூர ரயில்கள் நிற்கும் இடங்களில் 76. ஒன்றுக்குச் செய்த ரயில் மற்றொன்றில் வந்து நின்றால் நடுவில் படி. புதிய வட்டார ரயில்களில் கதவும் நடைமேடையும் சமமாக இருக்கும். பழைய நீண்டதூரப் பெட்டிகளில் செங்குத்தான மூன்று படி வரும். முழங்கால் வலி உள்ளவர்கள், கொஞ்சம் மெதுவாகப் போனாலும் வட்டார ரயிலைத் தேர்ந்தெடுப்பது பல சமயம் நல்லது.

டிஜிவி மாடி ரயிலில் இருக்கை கேட்கும்போது கீழ்த்தளம் என்று கேளுங்கள். அதில் ஒரு விசேஷம் உண்டு. பெட்டிக்குப் பெட்டி போகும் வழி மேல்தளத்தில்தான். அதனால் கீழே ஆள் நடமாட்டம் இல்லாமல் அமைதியாக இருக்கும். காபி வாங்கப் போக வேண்டுமானால் மட்டும் படியேற வேண்டும், ஆகவே தண்ணீரும் சாப்பாடும் கையோடு இருக்கட்டும். முதல் வகுப்பில் வரிசைக்கு மூன்றே இருக்கை. ஒற்றை இருக்கைகள் எதிரெதிராக அமைந்த இடங்கள் தம்பதிகளுக்கென்றே செய்தது போலிருக்கும். முன்கூட்டி வாங்கும்போது இரண்டாம் வகுப்போடு விலை வித்தியாசம் சில யூரோவாக இருந்தால் தயங்காமல் எடுங்கள்.

சக்கர நாற்காலியில் செல்பவர்களுக்கு மட்டும்தான் உதவி கிடைக்கும் என்று பலர் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021/782ஆம் எண் விதிமுறை 2023 ஜூன் 7 முதல் அமலில் உள்ளது. வயதால் நடமாட்டம் குறைந்தவர்களும் அதன் வரையறைக்குள் வருகிறார்கள். 24 மணி நேரம் முன்னால் சொல்லிவிட்டால், ஏற, இறங்க, ரயில் மாற ஆள் வந்து உதவ வேண்டும். கட்டணம் கிடையாது. பிரிட்டனில் இரண்டு மணி நேரம் முன்பு சொன்னாலே போதும். சொன்ன இடத்தில், சொன்ன நேரத்துக்கு முன்பே போய் நிற்பது உங்கள் கடமை.

இரவு ரயிலைப் பற்றிக் கனவுகள் அதிகம். ஆஸ்திரிய ரயில்வே ஓட்டும் நைட்ஜெட் என்ற இரவு ரயிலில் இருவர் மட்டும் தங்கும் தூங்கும் அறை கிடைக்கும். காலை உணவும் உண்டு. ஆனால் படுக்கைகள் ஒன்றின் மேல் ஒன்று. ஒருவர் ஏணியில் ஏறித்தான் ஆக வேண்டும். சாதாரண அறைகளில் முகம் கழுவும் தொட்டிதான் இருக்கும்; கழிவறை பெட்டியின் கோடியில். இரவில் இரண்டு முறை எழும் வழக்கம் உள்ளவர், ஓடும் ரயிலில், அரை இருட்டில், தூக்கக் கலக்கத்தோடு ஏணியில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். இருவரில் ஒருவருக்காவது ஏணி சுலபம் என்றால் மட்டும் எடுங்கள். இல்லாவிட்டால் பகல் ரயிலே சிறந்தது. புதிய நைட்ஜெட்டில் உள்ள ஒற்றை ஆள் சிற்றறைகளிலும் மேலே உள்ளவற்றுக்குத் தொற்றி ஏற வேண்டும், வயதானவர்களுக்கு ஏற்றதல்ல.

சுவிட்சர்லாந்தின் மலை ரயில்களில் ஆபத்து படியில் இல்லை, உயரத்தில். ஐகர்கிளெட்ஷர் நிலையத்திலிருந்து யுங்ஃபிராவ்யோகுக்கு 26 நிமிடத்தில் சுமார் 1,100 மீட்டர் மேலே போய்விடுவீர்கள். உச்சி நிலையம் 3,454 மீட்டர். உடம்பு பழக நேரமே கிடையாது. தலைசுற்றல், மூச்சுத் திணறல் அங்கே சாதாரணம். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் போகக் கூடாது. மேலே மெதுவாக நடந்து, தலை கனத்தால் அடுத்த ரயிலிலேயே இறங்கிவிடுங்கள். காசு போகிறதே என்று உட்கார்ந்திருக்காதீர்கள். 2,061 மீட்டரில் உள்ள கிளைனே ஷைடெக் வரை போனாலே ஐகர், மோன்ஷ், யுங்ஃபிராவ் மூன்று சிகரமும் முகத்துக்கு நேரே நிற்கும்.

சுவிட்சர்லாந்திலிருந்து மலை கடந்து இத்தாலிக்கு இறங்கும் பெர்னினா ரயில் பாதைக்கும் ஒரு யோசனை. கண்ணாடிக் கூரை போட்ட பெர்னினா எக்ஸ்பிரஸுக்கு இருக்கை பதிவு கட்டாயம்; கோடையில் கிடைப்பது கடினம். அதே தண்டவாளத்தில் செயின்ட் மோரிட்ஸிலிருந்து திரானோ வரை சாதாரண வட்டார ரயில் மணிக்கொன்று ஓடுகிறது. பதிவு வேண்டாம். 2,253 மீட்டர் ஓஸ்பிஸியோ பெர்னினாவைக் கடந்து, அல்ப் குர்யூமில் பனியாற்றைப் பார்த்து, புரூசியோ வட்டப் பாலத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இரண்டேகால் மணி நேரத்தில் இறங்கும். களைத்தால் நடுவில் இறங்கி ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அடுத்ததில் ஏறலாம். வயதானவர்களுக்கு அந்தச் சுதந்திரம் கண்ணாடிக் கூரையைவிட மதிப்புள்ளது.

தாமதமானால்

ஐரோப்பிய ஒன்றிய விதிமுறைப்படி 60 முதல் 119 நிமிடம் வரை தாமதத்துக்கு டிக்கெட் விலையில் 25 சதவீதம், 120 நிமிடத்துக்கு மேல் 50 சதவீதம் திரும்பக் கேட்கலாம்; கடும் புயல் மாதிரி விதிவிலக்குகள் உண்டு. அதைவிடப் பயனுள்ள விதி இன்னொன்று. ரயில் ரத்தாகி, புறப்பட வேண்டிய நேரத்திலிருந்து 100 நிமிடத்துக்குள் மாற்று வழி என்ன என்று அவர்கள் சொல்லாவிட்டால், நீங்களே வேறு ரயிலோ பஸ்ஸோ பிடித்து, நியாயமான செலவைக் கேட்டுப் பெறலாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கவுண்டரில் தாமதத்துக்கான சீட்டோ முத்திரையோ கேட்டு வாங்குங்கள். கடைசி ரயிலை மட்டும் நம்பி எந்த நாளையும் அமைக்காதீர்கள். மாலை ஐந்துக்குள் தங்குமிடம் சேரும்படி இருந்தால், இரண்டு ரயில் போனாலும் இரவுக்குள் வந்து சேரலாம்.

மருந்தை முழுப் பயணத்துக்கும் ஒரு வாரம் கூடுதலாகவும் எடுத்து, இருவர் கைப்பையிலும் பிரித்து வையுங்கள். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயருக்குப் பதிலாக மருந்தின் மூலப்பெயர் இருக்க வேண்டும்; அப்போதுதான் அங்குள்ள மருந்துக் கடைக்காரருக்குப் புரியும். ஷெங்கன் விசாவுக்குக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ. அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்காமல், ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயச் சிகிச்சை ஆகியவற்றுக்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112.

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை, பிறகு செப்டம்பர். வெயில் குறைவு, பள்ளி விடுமுறைக் கூட்டம் அவ்வளவாக இல்லை, வெளிச்சம் மாலை ஏழு மணி வரையாவது இருக்கும்.

திரும்பும் விமானம் காலையில் என்றால், அன்று விடியற்காலை ரயிலில் வந்து பிடிக்கலாம் என்று எண்ண வேண்டாம். முந்தின நாள் மதியமே அந்த ஊருக்கு வந்துவிடுங்கள். சூரிக் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட்டில் நீண்டதூர ரயில் நிற்கும் நிலையம் முதல் டெர்மினலோடு நடைபாதையால் இணைந்தது. பாரிஸ் சார்ல் து கோலில் டிஜிவி நிலையம் இரண்டாம் டெர்மினலில். எந்த டெர்மினல் என்று முந்தின நாளே பார்த்து வைத்துக்கொண்டு, அங்கே போகும் லிஃப்ட்டையும் ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டுப் படுக்கப் போங்கள்.